பேஸ்பால்: எப்ப மிதிச்சா போதும், எப்ப ஆளைத் தொடணும்?

ஏப்ரல் 14, 2024 (ஒரு வாசகர் கேட்டது)

ரெண்டு வாரமா பேஸ்பால் பாக்கறேன். கிரிக்கெட்ல ரன் அவுட்னா பெயில்ஸ் விழுந்தா முடிஞ்சது. இங்க முதல் பேஸ்ல பந்தைப் பிடிச்சவன் பேஸை மிதிக்கறான், அவுட். அதே இன்னிங்ஸ்ல மூணாவது பேஸ்ல ஒருத்தன் பந்தோட ஜம்முனு மிதிச்சிட்டு நிக்கறான், ஓடி வந்தவன் அதுக்கப்புறம்தான் வர்றான், அம்பயர் ரெண்டு கையையும் விரிச்சு சேஃப்ங்கறார். அம்பயர் இஷ்டத்துக்கு நடக்கற ஆட்டம்னு நான் சொன்னா யாராவது மறுக்க முடியுமா?

ஏப்ரல் 14, மாலை

மறுக்கறேன். முதல்ல மைதானம்: நாலு மூலை. அடிக்கறவன் நிக்கற மூலை ஹோம், மத்த மூணும் மிதிக்கற பேஸ். முதல், ரெண்டாவது, மூணாவதுன்னு சுத்தி ஹோமுக்கே திரும்பினா ஒரு ரன். மூணு அவுட் விழுந்தா அந்த அணியோட முறை முடிஞ்சது. இப்ப கல்யாணப் பந்தியை நினைச்சுக்குங்க. நீங்க சாப்பிட்டுட்டு இருக்கீங்க, அடுத்த பந்திக்காரர் வந்து உங்க நாற்காலி முதுகைப் பிடிச்சிட்டு நிக்கறார். மோர் வந்தாலும் வராட்டியும் எழுந்துதான் ஆகணும். பேஸ்பால்ல அந்த நிக்கற ஆள், பந்தை அடிச்சவன். பந்து கோட்டுக்குள்ள தரையில உருண்டுச்சுன்னா அவன் முதல் பேஸுக்கு ஓடியே ஆகணும். தட்டிவிட்டுட்டு "நோ"ன்னு கத்திட்டு அங்கயே நிக்கற வசதி கிரிக்கெட்லதான். முதல் பேஸ்ல ஏற்கெனவே ஒருத்தன் இருந்தா அவன் எழுந்து ரெண்டாவதுக்குப் போகணும். ரெண்டாவதுலயும் ஆள் இருந்தா அவன் மூணாவதுக்கு. இப்படித் தள்ளப்பட்டவனுக்குத் திரும்பிப் போக இடம் கிடையாது. அதனால அவன் போகவேண்டிய பேஸைப் பந்து வச்சிருக்கறவன் முந்தி மிதிச்சாலே அவுட். இதுக்குப் பேர் ஃபோர்ஸ்.

நீங்க பாத்த ஆட்டத்துல முதல் பேஸ் காலியா இருந்திருக்கும். ரெண்டாவதுல இருந்தவனை யாரும் எழுப்பலை. அவனா ஆசைப்பட்டு மூணாவதுக்கு ஓடினான். வேண்டாம்னா திரும்பிப் போய் உக்காந்துக்கலாம். அப்படிப்பட்டவனைப் பந்து இருக்கற கையாலயோ கிளவுஸாலயோ தொட்டாதான் அவுட்.

பந்தும் ஆளும் ஒரே நொடியில வந்து டை ஆனா ரன்னர் பக்கம். மூணாவது அவுட்டுக்கு முந்தி ஹோம் பிளேட்டைத் தொட்டுட்டா அந்த ரன் கணக்கு. அவ்வளவுதான் ஆட்டம்.

(பின்னாடி சேர்த்தது: கடைசிப் பத்தியில ரெண்டு தப்பு. 17, 28 தேதிக் குறிப்புகளைப் பாருங்க. எழுதினதை அழிக்கலை, இருக்கட்டும்.)

ஏப்ரல் 15

பந்தியில இன்னொண்ணு விட்டுப்போச்சு. பின்னாடி நின்னவர் செல்போன்ல கூப்பிட்டாங்கன்னு போயிட்டார்னா? நீங்க பாதி எழுந்தவர் மறுபடி உக்காந்துக்கலாம், பாயசத்துக்குக் காத்திருக்கலாம். இங்கயும் அதே கதை. முதல் பேஸ்ல ஆள் இருக்கான். அடிச்ச பந்து உருண்டு முதல் பேஸ்மேன் கைக்கே வருது. அவன் பக்கத்துலயே இருக்கற பேஸை முதல்ல மிதிச்சிட்டான்னா அடிச்சவன் அவுட். அந்த நொடியே முன்னாடி ஓடறவன் மேல இருந்த ஃபோர்ஸ் போயாச்சு. இப்ப ரெண்டாவது பேஸுக்குப் பந்தை எறிஞ்சா அங்க மிதிச்சுப் பிரயோஜனம் இல்லை, தொடணும். அதே பந்தை முதல்ல ரெண்டாவதுக்கு எறிஞ்சு, அங்க மிதிச்சு, திரும்ப முதல் பேஸுக்கு வாங்கினா ரெண்டுமே மிதி அவுட்தான். செய்யற வேலை ரெண்டுதான், வரிசைதான் வேற.

போன வருஷம் இங்க நியூ ஜெர்சியில பையன் ஆட்டத்துல இதேதான் நடந்துச்சு. எதிரணிக் குட்டிப் பையன் முதல் பேஸை மிதிச்சிட்டு ரெண்டாவதுக்கு எறிஞ்சான். அங்க இருந்தவன் பந்தைப் பிடிச்சு, பேஸ் மேல குதிச்சு, கிளவுஸைத் தூக்கிப்போட்டு ஆடறான். நம்ம பசங்கள்ல ஒருத்தன் அவன் ஆடறதையே பாத்துக்கிட்டு நிதானமா வந்து பேஸ்ல காலை வச்சு நின்னான். அம்பயர் சேஃப். நான் எழுந்து நின்னு அம்பயரைத் திட்டினேன், நம்ம அணிக்குச் சாதகமான தீர்ப்புக்கு. பக்கத்துல இருந்த அம்மா ஒருத்தர் என் சட்டையைப் பிடிச்சு உக்கார வச்சாங்க.

ஏப்ரல் 15, நடுராத்திரி

தூக்கம் வரலை. முதல் பேஸைத் தாண்டி ஓடலாமான்னு கேட்டிருக்கீங்க. தாண்டலாம். பேஸுக்குப் பேஸ் 90 அடி. கிரிக்கெட் பிட்ச் 66 அடி, அதாவது பிட்ச் நீளத்துக்கு மேல இன்னும் மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடவே தூரம், கையில மட்டை கிடையாது, முழு வேகத்துல வர்றவனால சட்டுனு நிக்க முடியாது. அதனால முதல் பேஸை மிதிச்சிட்டு நேரா ஓடி நின்னு திரும்பி வந்தா யாரும் தொட்டு அவுட் ஆக்க முடியாது. ரெண்டாவது, மூணாவதுக்கு இந்தச் சலுகை இல்லை. அங்க பேஸை விட்டு ஒரு விரக்கடை நகர்ந்தாலும் தொடலாம். அதான் எல்லாரும் மண்ணுல விழுந்து சறுக்கறது.

இடதுபக்கம் திரும்பினா அவுட்டுன்னு ஒரு புரளி உண்டு. நம்பாதீங்க. ரெண்டாவதுக்குப் போக முயற்சி பண்ணினானாங்கறதுதான் கணக்கு, எந்தப் பக்கம் திரும்பினான்ங்கறது இல்லை.

ஏப்ரல் 17

"டை ஆனா ரன்னர் பக்கம்"னு நான் எழுதினதைப் பிடிச்சு ரெண்டு பேர் கிழிச்சிருக்கீங்க. விதிப் புத்தகத்தைப் பிரிச்சுப் பாத்தேன். வேடிக்கையா இருக்கு. அடிச்சவன் விஷயத்துல, அவன் முதல் பேஸைத் தொடறதுக்கு முந்தி அவனையோ பேஸையோ பந்தோட தொட்டா அவுட்னு எழுதியிருக்கு. அப்ப ரெண்டும் ஒரே நொடின்னா பந்து முந்தலை, சேஃப். ஆனா ஃபோர்ஸ்ல ஓடறவன் விஷயத்துல, பந்து வர்றதுக்கு முந்தி அவன் பேஸுக்கு வரலைன்னா அவுட்னு எழுத்து. அப்ப ஒரே நொடின்னா ஆள் முந்தலை, அவுட்! ஒரே புத்தகம், ரெண்டு பேஸுக்கு ரெண்டு நியாயம். டைங்கற வார்த்தையே எங்கயும் இல்லை. அம்பயர்களைக் கேட்டா டைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது, ஒண்ணு முந்தும், அதைப் பாக்கறதுதான் எங்க வேலைம்பாங்க.

பாக்கறது மட்டும் இல்லை, கேக்கறாங்க. முதல் பேஸ் அம்பயர் கண்ணு பேஸ்ல, காலடி விழற இடத்துல இருக்கும். பந்து வந்த நேரத்தை கிளவுஸ்ல விழற சத்தத்தை வச்சுத்தான் பிடிப்பார். அடுத்த தடவை அவர் தலையைக் கவனிங்க, பந்து வர்ற பக்கம் திரும்பாது.

இதுல தவறினா என்ன ஆகும்ங்கறதுக்கு 2010 ஜூன் 2, டெட்ராய்ட். பிட்சர், அதாவது பந்து எறியறவர், அர்மாண்டோ கலராகா வரிசையா 26 பேரை அவுட் ஆக்கியாச்சு. இன்னும் ஒரே ஒருத்தன், அப்புறம் பெர்ஃபெக்ட் கேம், அதாவது எதிரணியில ஒருத்தனைக்கூட பேஸுக்கு விடாத ஆட்டம். 27-ஆவது ஆள் ஜேசன் டொனால்ட் வலதுபக்கம் ஒரு உருட்டு விட்டார். மிகேல் கப்ரேரா எடுத்து எறிய, கலராகாவே ஓடி வந்து முதல் பேஸ்ல பிடிச்சார். நல்லாவே முந்திட்டார். அம்பயர் ஜிம் ஜாய்ஸ் சேஃப்னுட்டார். கலராகா முகத்துல வந்தது ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். பிறகு வீடியோவைப் பாத்து ஜாய்ஸ் தன் தப்பை வெளிப்படையா ஒத்துக்கிட்டார். மறுநாள் ஆட்டத்துக்கு முன்னாடி அணிப் பட்டியலைக் கொண்டு போய் ஜாய்ஸ் கையில கொடுத்தது கலராகாதான். ஜாய்ஸ் கண்ணைத் துடைச்சிக்கிட்டார். இந்த மாதிரி தீர்ப்பை ரீப்ளே பாத்து மாத்தற ஏற்பாடு 2014-லதான் வந்துச்சு. தீர்ப்பு இன்னிக்கு வரைக்கும் மாறலை, அது ஒரு ஹிட்தான், அதாவது அடிச்சு பேஸைச் சேர்ந்ததாத்தான் கணக்கு.

ஏப்ரல் 18

சிறு திருத்தம். அடிச்சவன் முதல் பேஸ்ல அவுட் ஆறதை ஃபோர்ஸ் அவுட்னு சொல்றது புத்தகக் கணக்குல சரியில்லையாம். தன் பேஸை இழந்த ரன்னருக்குத்தான் அந்தப் பேர். அடிச்சவனுக்கு இழக்கப் பேஸ் ஏது. சொன்னவர் சொன்னது சரி. டிவியில யாரும் இப்படிப் பிரிச்சுப் பேசறதில்லை, நானும் பேசப்போறதில்லை.

ஏப்ரல் 20, சனி

இன்னிக்கு அசிங்கப்பட்டுட்டு வந்தேன். கோச் ஒருத்தர் வரலைன்னு மூணாவது பேஸ் பக்கம் என்னைப் போய் நிக்கச் சொன்னாங்க. என் பையன் ரெண்டாவது பேஸ்ல. முதல் பேஸ் காலி. ஒரு அவுட். பந்து ஷார்ட்ஸ்டாப் (ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல நிக்கற காவல்) பக்கம், அதாவது இவனுக்கு நேர் முன்னாடி உருளுது. நான் ரெண்டு கையையும் சுத்தி "ஓடு, ஓடு"ன்னு தமிழ்லயே கத்தினேன். ஓடினான். ஷார்ட்ஸ்டாப் எடுத்து மூணாவதுக்குத் தட்டிவிட்டான். அங்க பந்து இவனுக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சு. வயித்துல ஒரு தட்டு, அவுட்.

கார்ல வரும்போது பத்து நிமிஷம் பேச்சே இல்லை. அப்புறம், "அப்பா, எனக்குப் பின்னாடி யாருமே நிக்கலையே, நான் ஏன் எழுந்தேன்?"

பந்திக் கதையை அவனுக்கும் சொல்லிவச்சது நான்தான். சிவப்பு சிக்னல் வந்து காப்பாத்துச்சு.

இதுக்கு ஒரு எளிய வழி உண்டு, ஆட்டம் முடிஞ்சு கோச் சொன்னார். ரெண்டாவதுல இருக்க, பின்னாடி தள்ள ஆள் இல்லைன்னா, பந்து உனக்கு முன்னாடி மூணாவது பக்கமா உருண்டா நில்லு. உனக்குப் பின்னாடி, முதல் பேஸ் பக்கமா உருண்டா ஓடு. அங்கிருந்து மூணாவதுக்கு எறிய தூரம் அதிகம். பத்து வயசுப் பசங்களுக்கு இது தெரிஞ்சிருக்கு.

ஏப்ரல் 28

எட்டு நாளா இந்தப் பக்கம் வரலை. மூணாவது அவுட்டும் ரன்னும். "முந்தித் தொட்டுட்டா கணக்கு"ன்னு நான் சொன்னது பாதிதான் சரி. மூணாவது அவுட் ஆளைத் தொட்டு வந்திருந்தா அப்படித்தான், எது முதல்ல நடந்துச்சுன்னு அம்பயர் பாப்பார். ஆனா அந்த மூணாவது அவுட் ஃபோர்ஸ்ல விழுந்தாலோ, அடிச்சவன் முதல் பேஸைச் சேர்றதுக்கு முந்தி அவுட் ஆனாலோ, ஹோம்ல முந்தித் தொட்டிருந்தாலும் ரன் கிடையாது. பந்தி நகரவே இல்லைன்னு அர்த்தம்.

இதுக்கு நூறு வருஷத்துக்கு மேலா சொல்ற கதை ஃப்ரெட் மெர்கிள். 1908 செப்டம்பர் 23, நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ். ஜயன்ட்ஸுக்கும் சிகாகோ கப்ஸுக்கும். 1-1. ஒன்பதாவது இன்னிங்ஸ் கடைசி, ரெண்டு அவுட். மூணாவதுல மெக்கார்மிக், முதல் பேஸ்ல மெர்கிள், வயசு 19. ஆல் பிரிட்வெல் நடுவுல அடிச்ச பந்து மைதானத்துக்குள்ள ஓடுது, மெக்கார்மிக் ஹோமைத் தொட்டாச்சு, ஜயன்ட்ஸ் ஜெயிச்சாச்சுன்னு ஜனம் வேலி தாண்டி உள்ள இறங்குது. மெர்கிள் ரெண்டாவது பேஸுக்குப் பாதி தூரம் போனவன், கூட்டத்தைப் பாத்து அப்படியே திரும்பி ஓய்வறைப் பக்கம் ஓடிட்டான். அந்தக் காலத்துல எல்லாரும் செஞ்சதுதான். கப்ஸின் ஜானி எவர்ஸ் மட்டும் ரெண்டாவது பேஸ் மேல நின்னுக்கிட்டுப் பந்து வேணும்னு கத்தறார்.

எவர்ஸுக்கு இது திடீர் யோசனை இல்லை. செப்டம்பர் 4-ஆம் தேதிதான் பிட்ஸ்பர்க்ல இதே மாதிரி ஒருத்தன் பேஸைத் தொடாம போனான்னு முறையிட்டு, பாக்கலைன்னு தள்ளுபடி ஆகியிருந்துச்சு. தள்ளின அம்பயர் ஹேங்க் ஓடே. இன்னிக்கும் அதே ஓடே. இந்தத் தடவை அவர் பாத்துட்டார். கூட்டத்துக்குள்ள இருந்து ஏதோ ஒரு பந்து எவர்ஸ் கைக்கு வந்து அவர் பேஸை மிதிச்சார். அது அடிச்ச பந்தேதானாங்கறதுல இன்னிக்கும் ஆளுக்கொரு கதை. மெர்கிள் ஃபோர்ஸ் அவுட், மூணாவது அவுட், ரன் செல்லாது. மைதானம் முழுக்க ஜனம், இருட்டு வேற, ஆட்டம் சமம்னு அறிவிச்சாங்க. சீசன் முடிவுல ரெண்டு அணியும் சமம். அக்டோபர் 8 மறு ஆட்டத்துல கப்ஸ் 4-2. அந்த வருஷ உலகத் தொடரும் கப்ஸுக்கு. அதுக்கப்புறம் அவங்க அதை ஜெயிக்க 2016 ஆச்சு.

மெர்கிள் பிறகு பல வருஷம் நல்லாத்தான் ஆடினார். ஆனா "மரமண்டை"ங்கற பேர் கடைசிவரைக்கும் கூடவே வந்துச்சு. 19 வயசுப் பையன், எல்லாரும் செஞ்சதைச் செஞ்சான். எனக்கு எவர்ஸ் மேல மரியாதை உண்டு, பிரியம் வரமாட்டேங்குது.

ஏப்ரல் 29

இதுக்கு நேர் எதிர்க் கதை நேத்து எழுத மறந்துட்டேன், பிட்ஸ்பர்க், 2021 மே 27. ரெண்டு அவுட். ரெண்டாவது பேஸ்ல கப்ஸோட வில்சன் கான்ட்ரேராஸ். ஹாவி பாயஸ் மூணாவது பேஸ்மேன்கிட்ட சாதாரண உருட்டு. எறிஞ்ச பந்து முதல் பேஸ்மேன் வில் க்ரெய்க்கை பேஸை விட்டு ரெண்டு மூணு எட்டு ஹோம் பக்கம் இழுத்துடுச்சு. பாயஸ் பாத்தார், நின்னார், வந்த வழியே ஹோமைப் பாத்துப் பின்னாடி நடக்க ஆரம்பிச்சார். க்ரெய்க் துரத்தறார்! திரும்பி முதல் பேஸை மிதிச்சா போதும், இன்னிங்ஸ் முடிஞ்சது. இதுக்குள்ள கான்ட்ரேராஸ் சுத்தி ஹோமுக்கு வந்துட்டார். க்ரெய்க் பதறிப்போய் ஹோம்ல நிக்கற கேட்சர்கிட்ட தட்டிவிட, கான்ட்ரேராஸ் சறுக்கி சேஃப். பாயஸ் அங்கயே நின்னு அம்பயர் மாதிரி தன் ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டிட்டு, அப்புறம்தான் முதல் பேஸ் ஞாபகம் வந்து ஓடினார்.

இங்கதான் நேத்துச் சொன்ன விதி. கான்ட்ரேராஸ் தொட்டாச்சு, ஆனா பாயஸ் இன்னும் முதல் பேஸைச் சேரலை. அப்பக்கூட பந்தை முதல் பேஸுக்கு ஒழுங்கா எறிஞ்சு மிதிச்சிருந்தா அந்த ரன் செல்லாது. எறிஞ்சாங்க, பந்து வலதுபக்க வெளிமைதானத்துக்குப் போச்சு, பாயஸ் ரெண்டாவது வரைக்கும் போயிட்டார். பதினஞ்சு தடவையாவது பாத்திருப்பேன். ஏப்ரல் 20-க்கு அப்புறம் க்ரெய்க்கைப் பாத்து என்னால சிரிக்க முடியலை.

மே 3

இன்ஃபீல்ட் ஃபிளை கேட்டவருக்கு. அது உருட்டுப் பந்து இல்லை, உசரப் பந்து, ஆனா பயம் இதே ஃபோர்ஸ்தான். முதல், ரெண்டாவது பேஸ்ல ஆள். பந்து தலைக்கு மேல சும்மா தொங்குது. பிடிச்சிடுவான்னு நம்பி ரெண்டு பேரும் பேஸ்ல ஒட்டிக்கிட்டு நிக்கறாங்க. பிடிக்கற திருடன் வேணும்னே கீழ விட்டான்னா? திடீர்னு எல்லாருக்கும் பின்னாடி ஆள், எல்லாரும் எழுந்தாகணும், ரெண்டு பேரைச் சுலபமா அவுட் ஆக்கிடலாம். அதைத் தடுக்கத்தான், ரெண்டு அவுட்டுக்குக் குறைவா இருந்தா, உள்வட்டக்காரன் (பேஸ்களுக்குப் பக்கத்துல காவல் நிக்கறவன்) சாதாரணமா பிடிக்கக்கூடிய பந்துன்னா, அடிச்சவன் உடனே அவுட்னு அம்பயர் விரலை மேல தூக்கறார். ஃபோர்ஸ் போச்சு.

2012 அக்டோபர் 5, அட்லாண்டாவுல இதை இடதுபக்கம் புல்வெளி ஆழத்துல வச்சு அம்பயர் சாம் ஹோல்ப்ரூக் அறிவிச்சார். செயின்ட் லூயிஸ் ஷார்ட்ஸ்டாப் பின்னாடியே ஓடிப் போய் கடைசி நொடியில விலக, பந்து கீழ விழுந்துச்சு. உள்ளூர் ஜனம் பாட்டில் எறிஞ்சதுல ஆட்டம் 19 நிமிஷம் நின்னுச்சு. பந்து அவ்வளவு தூரம் போனதுன்னா அது "சாதாரணம்"தானான்னு இன்னும் அடிச்சுக்கறாங்க. நான் அம்பயர் பக்கம். என் வீட்ல யாரும் என் பக்கம் இல்லை.

மே 5

ரெண்டு பேர் ஒரே பேஸ்ல நின்னா யாருக்கு உரிமை? மறுபடி பந்திதான். பின்னாடி தள்ளற ஆள் இல்லாதப்ப முன்னாடி இருந்தவனுக்கே இடம், பின்னால வந்தவனைத் தொட்டா அவன் அவுட். ஃபோர்ஸ் இருந்தா தலைகீழ், முன்னவன்தான் எழுந்திருக்கணும். பிடிச்சவனுக்குக் குழப்பமா இருந்தா ரெண்டு பேரையும் தொட்டுட்டு அம்பயரைப் பாக்கறது உத்தமம். பெரிய பெரிய ஆளுங்களே அதைத்தான் செய்யறாங்க.

மே 12

உருண்டு வர்ற பந்து ஓடறவன் மேல பட்டா? உள்வட்டக்காரன் யாரையும் தாண்டறதுக்கு முந்தி பட்டுச்சுன்னா பட்டவன் அவுட், ஆட்டம் அங்க நிக்கும், அடிச்சவனுக்கு முதல் பேஸ். நேத்து எங்க அணிப் பையன் ஒருத்தனுக்குக் கணுக்கால்ல பட்டுச்சு. வலிக்கு ஒரு அழுகை. அவுட்னு சொன்னதும் வேற சுருதியில இன்னொரு அழுகை.

2023-ல மாத்தினதைப் பத்தியும் கேட்டிருந்தீங்க. பேஸ் 15 இஞ்ச் சதுரத்துல இருந்து 18 ஆச்சு. முதலுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல நாலரை இஞ்ச் குறைஞ்சுது. அதோட பிட்சர் எத்தனை தடவை ரன்னரை மிரட்ட பேஸுக்குப் பந்து எறியலாம்ங்கறதுக்கும் வரம்பு. பேஸ் திருட்டு, அதாவது யாரும் பந்தை அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிக்கறது, 2022-ல 2,486, 2023-ல 3,503. உள்வட்டத்துல நாலு பேரும் ஒரே பக்கம் குவியக்கூடாது, ரெண்டாவது பேஸுக்கு இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டுன்னு கட்டினதும் அப்பதான். முன்னாடி இடதுகைக்காரன் வலதுபக்கம் அருமையா உருட்டுவான், அங்க மூணு பேர் தூண் மாதிரி நிப்பாங்க. இப்ப அந்தச் சந்து திறந்திருக்கு. எனக்குப் பிடிச்சிருக்கு.

ஜூன் 8

சீசன் கடைசி ஆட்டம். மூணு பேஸ்லயும் ஆள், ஒரு அவுட், என் பையன் மூணாவது பேஸ்ல காவல். அவனை நோக்கி மெதுவா ஒரு உருட்டு. எடுத்தான், பக்கத்துல இருந்த பேஸை மிதிச்சான், முதல் பேஸுக்கு எறிஞ்சான். பசங்க மைதானத்துல பேஸுக்குப் பேஸ் 60 அடிதான், இருந்தாலும் பந்து ஒரு தடவை தரையில குத்தித்தான் போச்சு. அடிச்சவன் கால் வைக்கறதுக்கு முந்தி கிளவுஸ்ல டப்புன்னு சத்தம். இதுக்குள்ள மூணாவதுல இருந்தவன் ஹோமைத் தொட்டு நண்பர்களோட கை தட்டிக்கிட்டு இருந்தான்.

எதிரணிப் பெத்தவங்க ரன்னுக்குக் கத்தறாங்க. அம்பயர் ரெண்டு கையையும் தலைக்கு மேல குறுக்க ஆட்டி, ரன் இல்லைங்கறார். பக்கத்துல இருந்த எதிரணி அப்பா ஒருத்தர், நல்ல மனுஷர், என்கிட்டத் திரும்பி, அவன் முந்திதானே தொட்டான், எங்க ரன் எங்கன்னார். பையன் மூணாவது பேஸ்ல இருந்து என்னைத்தான் பாத்துக்கிட்டு இருந்தான்.

சந்தோஷமா விளக்க ஆரம்பிச்சேன். ஒரு கல்யாணம், வரிசையா நாற்காலி, நீங்க சாப்பிடறீங்க, பின்னாடி ஒருத்தர் உங்க நாற்காலியைப் பிடிச்சிட்டு நிக்கறார்னு சொன்னேன். அவர் முகம் மாறிடுச்சு. அவர் போன கல்யாணத்துல எல்லாம் நாற்காலியில பேர் எழுதி வச்சிருந்தாங்களாம். சாப்பிடும்போது பின்னாடி ஒருத்தன் ஏன் நிக்கணும், போலீஸைக் கூப்பிட மாட்டாங்களான்னு கேட்டார்.